கடைசிப் பஸ் ஆறே முக்காலுக்கு

அருண்,

இதைப் படிக்க உனக்கு நேரமாகும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நீ ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டாய், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி. ஆங்கிலத்தில் எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், எல்லோரையும் மன்னித்துவிட்ட ஒரு நல்ல பெண்மணி அதில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் கடிதங்கள் எழுதிப் பழகிய மொழி அது, அதில் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதைத் தொடங்கினேன்.

நாளை மறுநாள் நீ காரில் டெக்சஸுக்குக் கிளம்புகிறாய். திங்கட்கிழமை ஃபிரிஸ்கோவில் சேதுராமன் அங்கிளின் கம்பெனியில் சேரப் போகிறாய். அவருக்கு நான் நேற்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். நீ சேர்வதற்குள் அது அவர் மேசைக்குப் போய்விடும். படித்த பிறகு உன்னை வைத்துக்கொள்வாரா, வாசலிலேயே திருப்பி அனுப்புவாரா என்று எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்காமல் செய்தேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை அவர் வாயால் நீ கேட்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படித்துவிட வேண்டும் என்றுதான், நீ மாடியில் சட்டைகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருக்கும் இந்த மத்தியானத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அம்மா, என் ஃபர்ஸ்ட் ப்ராஜெக்டே செக் ரிபப்ளிக். அங்க ஒரு டிஸ்ட்ரிக்ட் பத்தி அங்கிள் ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட் பண்ணியிருக்காரு. இப்ப பக்கத்து டிஸ்ட்ரிக்ட்ல இன்னொரு கிளையண்ட் ஃபேக்டரி போடப் போறான். பழைய ரிப்போர்ட்ட பேஸா வச்சுக்கோன்னு சொல்லிட்டாரு. இட்ஸ் லைக் த பைபிள் தேர்" என்றாய். அப்பா தலையைத் தூக்காமல், "அந்த ஃபேக்டரிய மூடிட்டாங்கள்ல?" என்று கேட்டார். "அதுக்கு ரிப்போர்ட் என்னப்பா பண்ணும்? தோஸ் விமன் ஜஸ்ட் டிட்ன்ட் வான்ட் டு வொர்க். சாயங்காலம் ஆனா வீட்டுக்கு ஓடிருவாங்களாம். அங்கிள் சொன்னாரு" என்று சிரித்தாய். உன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நான் கரண்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். "வாட் ஹேப்பன்ட்?" என்று நீ கேட்டதும், "ஒண்ணுமில்லடா, அம்மாவுக்குத் தலைவலி" என்று அப்பா சொன்னதும் படியில் ஏறும்போது காதில் விழுந்தன. எனக்குத் தலைவலி இல்லை. அந்த ரிப்போர்ட்டை எழுதியது நான்.

சேதுராமன் அப்பாவுக்குக் கோயமுத்தூர்க் காலேஜில் சீனியர். இந்த நாட்டில் அப்பாவுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர். அதனால் நம் வீட்டில் அவர் எனக்கு அண்ணா. நீ ஹைஸ்கூலில் சேர்ந்த வருடம், நாம் வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்த புதிதில், பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் பக்கம் இரண்டு அறை பிடித்து ஒரு கம்பெனி தொடங்கினார். அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டில் எந்த ஊரில் ஃபேக்டரி போடலாம் என்று ஆராய்ந்து சொல்வது வேலை. கிழக்கு ஐரோப்பாவில் ஆட்சி மாறி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அந்தப் பக்கம் கண். நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து நாலாவது அடையைப் பிய்த்துக்கொண்டே, "ஏம்மா, எம்.ஏ. ஜியாகரபியை வச்சுக்கிட்டு இப்படி அடை சுட்டுட்டு இருக்கியே, உனக்குப் பாடம் சொன்னவங்க கேட்டா அழுவாங்க. நம்ம ஆபீஸுக்கு வா" என்றார். எல்லோரும் சிரித்தோம். பத்து வருடமாக என் படிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அருண். அன்றைக்கு அதைச் சொன்னவர் யாராக இருந்தாலும் பின்னால் போயிருப்பேன். சேர்ந்தேன், பாதி வேலை ஆபீஸில், பாதி வீட்டில்.

கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்கிற ஒரு கம்பெனி எங்கள் கிளையண்ட். அவர்கள் பார்த்து வைத்திருந்த செக் மாவட்டம் நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய தாலுகா அளவுதான். மேட்டு நிலம், குளிர் அதிகம், மண்ணில் சத்து குறைவு. உருளைக்கிழங்கு, கம்பு மாதிரி ஒரு கறுப்புத் தானியம், நூலுக்காகப் போடும் ஆளிச் செடி, மீதியெல்லாம் ஊசியிலைக் காடு. ஒரு பெரிய ஆறு கூட அங்கே ஓடவில்லை, ஆனால் ஓடைகள் பிறக்கின்றன. நடுவில் ஒரு மேடு, அதன் ஒரு சரிவில் விழும் மழை வடக்குக் கடலுக்கும் மறு சரிவில் விழுவது கருங்கடலுக்கும் போகிறது. அந்த ஓடைகளைத் தேக்கிப் பல நூறு வருடத்துக்கு முன் வெட்டிய மீன் குளங்கள் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் குளத்தை வடித்து, சேற்றில் இறங்கிக் கெண்டை மீன் பிடித்துக் கிறிஸ்துமஸுக்கு உயிரோடு விற்பார்கள். மாவட்டத் தலைநகரில் ஒரு பின்னலாடை ஆலை, ஒரு பிரஷ் ஃபேக்டரி. கூட்டுறவுப் பண்ணைகள் உடைந்து, டிராக்டர் பழுதுபார்த்த பெரிய கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. மக்கள் எல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கிராமங்களில் சிதறியிருந்தார்கள், பல ஊர்களில் ஐம்பது அறுபது பேர்தான். போகாத அந்த ஊரை நான் மூன்று மாதம் நம் சமையலறை மேடையில் வைத்துக் கட்டினேன். ஃபேக்ஸ் மெஷினை டோஸ்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேனே, நீ ஸ்கூலுக்குப் போகும் அவசரத்தில் தரையில் விழுந்த தாள்களைப் பொறுக்கிக் கொடுப்பாய், அதெல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

அனுப்பியவள் பெயர் வேரா. மாவட்ட அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தாள். என் வயதுதான். நான் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தாமல், கேட்க மறந்ததையும் அகராதி வைத்து எழுதிய ஆங்கிலத்தில் ஓரத்தில் எழுதி அனுப்புவாள். ஒரு நாள் பஸ் அட்டவணை முழுவதையும் அனுப்பினாள். அதில் கிராமங்களுக்குப் போகும் கடைசிப் பஸ்களை எல்லாம் வட்டமிட்டு, "இதற்குப் பிறகு நடக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். வட்டங்கள் எல்லாம் மாலை ஆறே முக்காலோடு முடிந்தன. கிளையண்ட் திட்டப்படி இரண்டு ஷிஃப்ட். காலை ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து. இரண்டாவது ஷிஃப்ட் முடிகிற பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள்? வேறு யாராவது அந்தத் தாளைப் பார்த்திருந்தால் பஸ் நேரம் என்று மட்டும்தான் பார்த்திருப்பார்கள். எனக்கு அது உடம்பில் பட்டது. உனக்கு நாலரை வயதில், எனக்குக் கார் ஓட்டத் தெரியாத காலத்தில், லைப்ரரிக்குப் போக வேண்டும் என்று உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையே இல்லாத ஹைவே ஓரமாக நடந்தேன். போலீஸ் கார் ஒன்று நின்று, "மேடம், உங்க கார் பிரேக் டவுன் ஆயிடுச்சா?" என்று கேட்டது. இல்லை, நடந்து போகிறோம் என்றேன். அவனுக்குப் புரியவேயில்லை. நீ போலீஸ் காரில் ஏறப் போகிறோம் என்று குதித்தாய். ஆறு வருடம் அப்படி இருந்தவள் நான். அதனால் பஸ்ஸைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதினேன். எந்தக் கிராமம், எவ்வளவு தூரம், பனிக்காலத்தில் எந்தச் சாலை அடைபடும், கம்பெனியே மூன்று வழித்தடத்தில் இரவு பஸ் விட்டால் போதும் என்பது வரை. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல நாலு பக்கம் அதுதான்.

அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் அட்டையும் முன்பக்கங்களும் அவர் அறையிலிருந்து வந்தன. அட்டையில் அவர் பெயர். உள்ளே நன்றிப் பட்டியலில், கடைசியில், தட்டச்சு உதவிக்காக என் பெயர். அவர் அறைக்குப் போய், "சார், இது எழுதினது நான்" என்றேன். ஆபீஸில் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு அண்ணா ஆகிவிட்டார். "நமக்குள்ள எதுக்கும்மா பேரு? உன் பேரைப் போட்டா கிளையண்ட் கேப்பான், யாரு இந்த லேடி, என்ன எக்ஸ்பீரியன்ஸ்னு. நீ என் தங்கச்சி. உனக்கு நான் செய்ய மாட்டேனா? போ, ரெண்டு நாள் லீவ் எடுத்துக்க, குழந்தைக்கு ஏதாவது பண்ணிக் குடு." வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "விட்டுரு. அவரால தான நாம இங்க இருக்கோம்" என்றார். அப்பா மேல் எனக்கு அதற்கு இன்னும் கோபம் உண்டு, அது அவருக்கும் தெரியும்.

லீவ் எடுக்கவில்லை. மறுநாள் காலை சீக்கிரம் ஆபீஸுக்குப் போனேன். ஃப்ளாப்பி என்னிடம்தான் இருந்தது. பஸ்ஸைப் பற்றிய நாலு பக்கத்தையும் அழித்தேன். பொருளடக்கத்தில் அந்த வரியை எடுத்தேன், பக்க எண்களை மாற்றினேன், அச்சுக்கடைக்கு அனுப்பினேன். தவறிப் போனதல்ல, அருண். அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முழுதாகப் படித்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். நாங்கள் அந்தப் பஸ் விஷயத்தைப் பற்றி இரண்டு தடவை பேசியிருக்கிறோம். அவர் படிக்கவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அந்தக் கையெழுத்தாலேயே கெடட்டும் என்று நினைத்தேன்.

கிளையண்ட் முன்னால் அவர் பேசிய அன்று, மூலையில் நின்று ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரில் ஷீட் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனி ஆட்களில் நரைத்த தலை ஒருவர், வேலையாட்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டார். சேதுராமன் கொஞ்சமும் தயங்காமல், "ஸ்மால் டிஸ்ட்ரிக்ட், எவ்ரிபடி லிவ்ஸ் க்ளோஸ்" என்றார். அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஐந்து வார்த்தை போதும். நான் அடுத்த ஷீட்டை வைத்தேன். நான் செய்ததிலேயே எனக்கு மன்னிப்பு இல்லாத இடம் அதுதான். ஃப்ளாப்பியில் அழித்ததைக் கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு பெயர் கிடையாது.

ஃபேக்டரி வந்தது. காலியாகக் கிடந்த டிராக்டர் கொட்டகையில் மெஷின்களை வைத்தார்கள். முதல் ஷிஃப்ட் நன்றாக ஓடியது. இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆட்கள் சேர்ந்தார்கள், பனி விழத் தொடங்கியதும் ஒவ்வொருவராக நின்றார்கள். இரண்டு வருடம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனி மெஷின்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. இனி எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டோம் என்று சேதுராமனுக்கு அந்தக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்ததாக அப்பா வந்து சொன்ன அன்று நான் வீட்டில் பாயசம் வைத்தேன். "வாட்ஸ் த ஒகேஷன்?" என்று கேட்டாய். சும்மா என்றேன். இரண்டு கிண்ணம் குடித்தாய். உன் எதிரில் உட்கார்ந்து நானும் குடித்தேன். முந்திரி நிறையப் போட்டிருந்தேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த வாரம் டோஸ்டர் பக்கத்தில் ஃபேக்ஸ் வந்தது. நான் ஆபீஸ் வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, வேரா வீட்டு எண்ணை வைத்திருந்தாள். மேடம், பஸ் பற்றிய தாள் உங்களுக்கு வந்து சேரவில்லையா என்று கேட்டிருந்தாள். மாவட்ட அலுவலகம் சரியான விவரம் தரவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டதாம், அதனால் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அவள் மகள் ஹனாவும் இரண்டாவது ஷிஃப்டில்தான் இருந்தாளாம். முதல் பனிக்காலம் முழுக்க ஒன்பது கிலோமீட்டர் காட்டு வழியே நடந்தாளாம், இரண்டாவது பனிக்காலத்தில் முடியவில்லையாம். உங்களைக் குறை சொல்லவில்லை, தாள் வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று முடித்திருந்தாள். நான் பதில் போடவில்லை. ஒரு வாரம் கழித்து ஃபேக்ஸ் மெஷினை எடுத்து கராஜில் வைத்தேன். இடத்தை அடைக்கிறது என்று உன்னிடம் சொன்னேன்.

சேதுராமனுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. வேறு கிளையண்டுகள் கிடைத்தார்கள், டெக்சஸுக்குப் போனார், புது சப்டிவிஷனில் வீடு கட்டினார். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு வந்திருந்தபோது, சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு நாலு பேரிடம் சொன்னார்: "அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு உடம்பு வணங்காதுங்க. கம்யூனிசத்துல வளந்ததுங்க. மணி அடிச்சா போதும், ஓட்டம்தான்." எனக்குப் பின்னால் நின்ற ஆன்ட்டி, "நம்ம ஆளுங்கன்னா டபுள் ஷிஃப்ட் பண்ணுவாங்க" என்றாள். "கரெக்டா சொன்னீங்க. என்னம்மா, நீ சொல்லு, டைப் அடிச்சவ நீதான" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். புளியோதரைத் தட்டோடு நின்றேன். நான் குறிவைத்தது இந்த ஆளை. அடிபட்டது காட்டு வழியில் நடந்த ஒரு பெண். இவருக்குத் தன்னை யாரோ அடிக்கப் பார்த்தார்கள் என்பதே தெரியாது. அவர் தோற்றது என்னால் என்று அவருக்குத் தெரியாத வரைக்கும் நான் ஜெயித்ததாக எப்படிச் சொல்வது? அன்றையிலிருந்து இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படியே இருந்திருப்பேனோ என்னவோ. போன ஞாயிற்றுக்கிழமை நீ அவர் வார்த்தையை அவர் சிரிப்போடு நம் மேசையில் வைத்தாய். அந்த ரிப்போர்ட்டைப் பைபிள் என்றாய். என் நாலு பக்கம் இல்லாத அந்தப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்கு நீ இன்னொன்று எழுதுவாய். அங்கேயும் பஸ் ஆறே முக்காலுக்கு நின்றுவிடும். அங்கேயும் பெண்களைச் சோம்பேறிகள் என்பார்கள். அட்டையில் உன் பெயரும் இருக்காது. தட்டச்சு உதவி என்று போடுவார், அல்லது இந்தக் காலத்துக்குத் தகுந்த வேறு ஏதாவது. எனக்குச் செய்ததையே இரண்டாம் தடவை என் பிள்ளைக்கும் செய்வார், அதுவும் தெரியாமலே.

அதனால் எழுதினேன். மூன்று பக்கம். எழுதியது யார், அழித்தது யார், எந்தப் பக்கங்கள், ஏன். அழித்த நாலு பக்கத்தையும் வைத்தேன். கையால் எழுதிய பிரதி என்னிடம் இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. "நீங்கள் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்" என்று முடித்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கும்படி அனுப்பினேன். அதே பக்கங்களை, வேறு ஒரு கடிதத்தோடு, வேராவின் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். உங்கள் தாள் வந்தது, மறைத்தது நான், இதை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்று எழுதினேன். அதில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். போஸ்ட் ஆபீஸ் வாசலில் அப்பா காரை அணைக்காமல் கேட்டார், "அருண் வேலைடி." "தெரியும்." "நியாயத்துக்குப் பண்றியா, பழிவாங்கப் பண்றியா?" "ரெண்டுக்கும்" என்றேன். காரை அணைத்துவிட்டு, "போய்ப் போட்டுட்டு வா" என்றார். முதல் தடவையாக எனக்காக நின்றார்.

இரண்டாம் தடவையும் அவரைக் குறிவைக்கும்போது நடுவில் நிற்பது வேறு ஒருவர்தான், இந்த முறை நீ. அது எனக்குத் தெரிகிறது. முதல் தடவை நடுவில் நின்றவர்களிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். இது பெரிய வித்தியாசமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் என்னால் முடிந்த வித்தியாசம் இவ்வளவுதான். நாளை காலை இதை உன் கையில் கொடுப்பேன். வேண்டாம், போகவில்லை என்று நீ பெட்டியைத் திரும்பப் பிரித்தால் அதற்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கத்து. இங்கிலீஷிலேயே கத்து, எனக்கு எல்லாம் புரியும்.

போவதாக இருந்தால், அவர் கொடுப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. அடுத்தவர் எழுதியதை எடுத்தால் பெயரைப் போடு. அந்த மாவட்டத்துக்கு உன்னை அனுப்பினால், ஹோட்டலில் உட்காராமல் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்று, யார் ஏறுகிறார்கள், யார் ஏற முடியாமல் நிற்கிறார்கள் என்று பார். யார் மேலாவது கோபம் வந்தால் அவர் முகத்துக்கு நேராகக் கோபப்படு. எனக்கு அது தெரியாமல் போயிற்று. உனக்கு யாரும் இதுவரை சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், நான்தானே உன்னை வளர்த்தேன்.

திங்கட்கிழமை அவர் உன்னை அறைக்குக் கூப்பிடுவார். கதவைச் சாத்துவார். தம்பி என்று தொடங்குவார், அல்லது என் கடிதத்தை மேசையில் உன் பக்கம் தள்ளுவார். நீ தரையைப் பார்க்காதே, அருண். எனக்காக இந்த ஒன்றைச் செய். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார். அது எப்படி இருந்தது என்று வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணிச் சொல். மெதுவாக, ஒன்றும் விடாமல் சொல்.

சமையலறையிலிருந்து,
அம்மா